பழைய பேனாவை அடையாளம் காண: மூடியைக் கடைசியில் பாருங்கள்

பழைய இங்க் பேனா ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது கிளிப்பைத்தான். அம்பு இருந்தால் பார்க்கர், மூடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் ஷீஃபர், உச்சியில் வெள்ளை நட்சத்திரம் இருந்தால் மான்ட் பிளாங்க், முடிந்தது கதை. விற்கிறவருக்கும் இது நன்றாகத் தெரியும். ஒரு பேனாவில் சுலபமாக மாற்றக்கூடியது மூடி, அதற்கடுத்து நிப். ஆக, வாங்குகிறவர் கண் முதலில் போகிற இரண்டு இடங்களுமே ஏமாறுவதற்கு வசதியான இடங்கள். யாரும் வேண்டுமென்றே ஏமாற்றியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஐம்பது அறுபது வருடம் ஒரு வீட்டில் கிடந்த பேனாவுக்கு மூடி தொலைந்திருக்கும், இன்னொன்றின் மூடி பொருந்துகிறதே என்று அந்த வீட்டுத் தாத்தா மாட்டி வைத்திருப்பார்.

மாற்றுவதற்குச் சிரமமானது உடம்பு. அதைவிடச் சிரமமானது உடம்புக்குள்ளே மை ஏறுவதற்காகச் செய்திருக்கும் ஏற்பாடு. அதனால் நான் பார்க்கும் வரிசையே தலைகீழ்: முதலில் மை எப்படி ஏறுகிறது, அப்புறம் உடம்பு எந்தப் பொருளால் ஆனது, அப்புறம் நிப், அப்புறம் உடம்பில் பொறித்திருக்கும் எழுத்து, கடைசியாகத்தான் மூடியும் கிளிப்பும். முதல் நாலும் ஒரே காலத்தைச் சொல்லி மூடி மட்டும் வேறு காலத்தைச் சொன்னால், மூடி மாறியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருக்கும் 10 மடங்கு லூப் ஒன்று, போனில் இருக்கும் டார்ச், கொஞ்சம் டிஷ்யூ காகிதம், ஒரு பென்சில். இவ்வளவு போதும்.

மை எப்படி ஏறுகிறது?

கழுத்துப் பகுதியைத் திருகினால் உள்ளே வெறும் குழாய்தான் இருக்கிறது, ஃபில்லரால் நேராக மை ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் அது சொட்டு மைப் பேனா. உலகத்தின் பிற பகுதிகளில் இது மிகப் பழைய முறை. எல்.இ.வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை வாங்கிய காலத்துப் பேனாக்கள் எல்லாம் இந்த வகைதான். ஆனால் நம்மூரில் இதை வைத்து வயதைச் சொல்ல முடியாது, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ராஜமுந்திரியில் ரத்னம் பேனாக்கள் 1930களில் சுதேசிப் பொருளாகத் தொடங்கி இன்றும் கையால் கடைந்து செய்யப்படுகின்றன. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கம்பெனியின் காமா பேனாக்கள், திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் என்று எபோனைட் என்கிற இறுகிய ரப்பரில் லேத் வைத்துக் கடைகிற வேலை இன்னும் நடக்கிறது. போன வருடம் செய்த பேனாவும் 1925-ல் செய்தது போலவே இருக்கும். ஆகவே கறுப்பாக, தடிமனாக, கிளிப்பில் துரு ஏறி இருக்கிறது என்பதற்காக 'சுதந்திரத்துக்கு முந்தைய பேனா' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

உடம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் படுத்திருந்தால், அதை லீவர் பேனா என்பார்கள். உள்ளே ரப்பர் பை இருக்கும், நெம்பினால் ஒரு தகடு பையை நசுக்கும், விட்டால் பை விரியும்போது மை ஏறும். வால்டர் ஷீஃபர் 1908-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஃபோர்ட் மேடிசன் என்ற ஊரில் நகைக்கடை வைத்திருந்தவர் அவர். அடுத்த நாற்பது வருடத்துக்கு இதுதான் உலகம் முழுக்க ஓடியது. லீவரைக் கையில் எடுத்ததும் நெம்பிப் பார்க்காதீர்கள். உள்ளே ரப்பர் கல்லாக இறுகிப் போயிருக்கும், நெம்பினால் லீவர் முறியும் அல்லது உடம்பே விரிசல் விடும். காதருகே வைத்து மெதுவாகக் குலுக்கினால் உடைந்த ரப்பர்த் துண்டுகள் கலகலக்கும் சத்தம் கேட்கும். அப்படிக் கேட்டால் அது கெட்ட செய்தி அல்ல, பை மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குப் பொருள்.

வால் பகுதியில் ஒரு சின்ன மூடி இருந்து, அதைத் திருகினால் ஒரு பித்தளைப் பொத்தான் தெரிந்தால் பட்டன் பேனா. 1921-ல் வந்த பார்க்கர் டியூஃபோல்டு இந்த வகை. அதே வால் மூடிக்குள் அழுத்தி அழுத்திப் பம்ப் செய்கிற தண்டு இருந்தால் பார்க்கர் வேக்குமேட்டிக், 1933-க்குப் பிந்தையது. வாலையே திருகினால் உள்ளே தக்கை போன்ற பிஸ்டன் மேலும் கீழும் போகிறது என்றால் ஜெர்மனிக்காரர்கள் பக்கம் யோசியுங்கள். பெலிக்கான் 1929-ல் கொண்டு வந்தது அது. வாலைத் திருகும்போது நிப்புக்கு அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு குழாய் வெளியே நீண்டால் ஷீஃபர் ஸ்நார்க்கல், 1952 முதல் 1959 வரை வந்தது. நிப்பை மையில் முக்காமல் அந்தக் குழாயை மட்டும் நனைத்து மை ஏற்றலாம். பொறியியல் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் முதல் பேனாவாக அதை வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களையும் பையையும் மாற்றத் தெரிந்த கை வேண்டும்.

கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்த சின்னக் குழாய் போடுகிற பேனா என்றால், 1930களில் பிரான்ஸில் வந்த கண்ணாடிக் கார்ட்ரிட்ஜ் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, பெரும்பாலும் 1950களுக்குப் பிந்தையது. பார்க்கர் 45 வந்தது 1960-ல். 'எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கியது' என்ற கதையோடு கார்ட்ரிட்ஜ் பேனா வந்தால் தாத்தாவை மதிக்கலாம், தேதியை நம்ப வேண்டாம்.

இந்த வழியிலேயே போலியையும் பிடிக்கலாம். மான்ட் பிளாங்க் 149, 146 இரண்டுமே பிஸ்டன் பேனாக்கள். உடம்பைத் திருகிக் கழற்றினால் உள்ளே கன்வெர்ட்டர், அதாவது கார்ட்ரிட்ஜ் இடத்தில் மாட்டிக் கழற்றுகிற மை உறிஞ்சி, இருந்தால் நட்சத்திரம் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அது போலி. நிப்பில் 4810 என்று இருக்கிறதே என்பார்கள். மான்ட் பிளாங்க் மலையின் உயரத்தை மீட்டரில் குறிக்கும் எண் அது, போலி செய்கிறவருக்கும் அதைப் பொறிக்கத் தெரியும்.

உடம்பு எதனால் ஆனது?

கட்டைவிரலால் உடம்பை நன்றாகச் சூடு வரும்வரை தேய்த்து உடனே மூக்கருகே கொண்டு போங்கள். பஞ்சர் கடை வாசம் அடித்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். லேசாகக் கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு, ஏனென்றால் அதைச் செய்வதே நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துத்தான். எந்த வாசமும் இல்லையென்றால் பிற்காலப் பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

எபோனைட்டா செல்லுலாய்டா என்பது வயதையும் சொல்லும். 1920களின் நடுப்பகுதி வரை பெரிய கம்பெனிகள் எல்லாம் எபோனைட்தான். ஷீஃபர் 1924-ல் செல்லுலாய்டுக்கு மாறியது, பார்க்கர் 1926-ல் டியூஃபோல்டை மாற்றியது, வாட்டர்மேன் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. ஆகவே சிவப்பு டியூஃபோல்டு ஒன்று ரப்பர் வாசம் அடித்தால் அது முதல் ஐந்தாறு வருடத்துப் பேனா. 'டியூஃபோல்டு' என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: இங்கிலாந்தில் நியூஹேவனில் போருக்குப் பின் அதே பெயரில் வேறு பேனாக்கள் செய்தார்கள், 1980களின் கடைசியில் அந்தப் பெயர் மறுபடியும் உயிர்பெற்றது.

கறுப்பு எபோனைட் வெயிலும் ஈரமும் பட்டால் பழுப்பாகும், சில நேரம் ஆலிவ் பச்சையாகக்கூட ஆகும். மூடிக்குள் மறைந்திருக்கும் பகுதி மட்டும் கறுப்பாகவும் வெளிப்பகுதி பழுப்பாகவும் இருந்தால் பேனா நேர்மையாக வயதாகியிருக்கிறது. எல்லாமே ஒரே சீராகக் கருகருவென்று பளபளத்தால் லூப்பை எடுங்கள். பழைய எபோனைட் பேனாக்களில் உடம்பெல்லாம் மெல்லிய அலைக்கோடுகள் வெட்டியிருப்பார்கள், கம்பெனி பெயரும் அழுத்திப் பொறித்திருக்கும். அந்தக் கோடுகளின் விளிம்பு மழுங்கிப் போயிருந்தால் யாரோ தேய்த்து மெருகேற்றிச் சாயம் பூசியிருக்கிறார்கள். தேய்ந்த எழுத்து திரும்பி வராது, விலையும் வராது. பழுப்பாக இருந்தாலும் எழுத்து கூர்மையாக இருக்கும் பேனாவைத்தான் நான் எடுப்பேன்.

செல்லுலாய்டில் பார்க்க வேண்டியது நிறமாற்றம். ரப்பர் பை பழசாகும்போது விடுகிற வாயு உடம்பின் நிறத்தைக் கெடுக்கும். அதனால் மூடி வெளிர்நிறமாகவும் உடம்பு தேன் நிறத்தில் கறுத்தும் இருக்கும். இரண்டும் ஒரே பேனாவின் பாகங்கள்தான், மாற்றியது அல்ல. வேக்குமேட்டிக்கில் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும் கோடுகளுக்கு இடையே வெளிச்சம் ஊடுருவ வேண்டும். டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள், ஒளி வந்தால் நல்ல பேனா.

நிப்

பொன்னிறமாக இருப்பதெல்லாம் தங்கமில்லை என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 14 காரட் நிப் என்றால் 14 அல்லது 585 என்று பொறித்திருக்கும், 18 காரட் என்றால் 18 அல்லது 750. பிரான்ஸுக்காகச் செய்த பேனாக்களில் 18 காரட் அதிகம் பார்ப்பீர்கள். இதில் ஒரு வேதனை, நிப்பைத் தங்கமாக நினைத்து உருக்கக் கொடுத்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொதுவாக ஒரு நிப்பில் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது, நிப் போன பேனாவுக்கோ மதிப்பே போய்விடும்.

நிப்பில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் முக்கியம். கம்பெனி பெயர் இல்லாமல் 'வாரண்டட் 14 காரட்' என்று மட்டும் இருந்தால் அது பொதுவாக விற்ற நிப். மலிவான பேனாக்களில் முதலிலிருந்தே அப்படித்தான் வரும், ஆனால் பெரிய பெயர் போட்ட உடம்பில் இருந்தால் பின்னால் மாட்டியது. 'இரிடியம் பாயின்ட் ஜெர்மனி' என்று இருந்தால் அது மிகப் பிற்காலத்து மலிவு நிப், 1930களின் பேனாவில் அதற்கு வேலையே இல்லை.

வாட்டர்மேனில் இந்தப் பரிசோதனை ரொம்ப அழகாக வேலை செய்யும். எபோனைட் வாட்டர்மேனின் வால் நுனியில் ஒரு எண் அழுத்தியிருப்பார்கள், உதாரணத்துக்கு 52. கடைசி இலக்கம் நிப்பின் அளவு. அதற்கு முன்னால் இருப்பது மை ஏறும் முறை: 5 என்றால் லீவர், 4 என்றால் நிப் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் சேஃப்டி பேனா, 1 என்றால் சாதாரணச் சொட்டு மை. முன்னால் இன்னொரு 4 சேர்ந்து 452 என்று இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளிக் கவசம் போட்டது, 05 சேர்ந்து 0552 என்று வந்தால் தங்கத் தகடு. ஆகவே 52 என்று பொறித்த உடம்பில் லீவர் இருக்க வேண்டும், நிப்பில் 2 என்ற எண் இருக்க வேண்டும். லீவர் இருக்கிறது, நிப்பில் 4 இருக்கிறது என்றால் நிப் வேறு பேனாவுடையது. ஒரே நிமிடத்தில் முடிகிற வேலை, எந்தப் புத்தகமும் வேண்டாம்.

அப்புறம் நுனி. லூப்பில் நிப்பை நேருக்கு நேர் பார்த்தால் பிளவின் இரண்டு பக்க முனைகளிலும் சின்ன உலோக உருண்டை ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் உருண்டை இல்லையென்றால், பழுது பார்க்கத் தெரிந்தவரே தலையைச் சொறிவார், வாங்காதீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் அடிப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும், அது முன்பு எழுதியவரின் கைவாக்கு. நிப்பின் நடுவே இருக்கும் துளையிலிருந்து மயிரிழை மாதிரி விரிசல் கிளம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிப்பை நகத்தில் அழுத்தி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் விற்பனையாளரிடமிருந்து பேனாவை மெதுவாகப் பிடுங்கிக்கொள்ளுங்கள், அந்த விரிசல் வருவது இப்படித்தான்.

ஒரு பேனாவை முழுதாகப் பார்ப்போம்: பார்க்கர் 51

நம்மூரில் கிடைக்க அதிக வாய்ப்புள்ள நல்ல பழைய பேனா இதுதான். குழப்பமும் இதில்தான் அதிகம். கழுத்து நிப்பை முழுக்க மூடி, முனை மட்டும் எட்டிப் பார்க்கும் அந்த உருவத்தை 1941-ல் கடைக்குக் கொண்டு வந்தது பார்க்கர். கம்பெனியின் 51-வது வருடத்தில் உருவானதால் அந்தப் பெயர். உடம்பு லூசைட் என்ற அக்ரிலிக். அதற்கு ஒரு காரணம் உண்டு: சீக்கிரம் காய வேண்டும் என்று காரத்தன்மை அதிகமாக ஒரு மையைச் செய்தார்கள், அது செல்லுலாய்டை அரித்தது, அதனால் அரிக்க முடியாத உடம்பு தேவைப்பட்டது. அந்த மை பிறகு வந்த சூப்பர்குரோம் வடிவத்திலும் பல பேனாக்களின் உலோகத்தைக் கெடுத்து ஒழிந்தது, உடம்பு மட்டும் நின்றது. எண்பது வருடப் பழைய 51-ஐத் துணியால் துடைத்தாலே புதிது போல இருப்பதற்கு லூசைட்தான் காரணம்.

அதே உருவத்தை ஷாங்காயில் ஹீரோ 616 ஆகச் செய்தார்கள், அது நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கிடந்து புரண்டது. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளிலும் ஒன்றிரண்டு இருக்கும். ஹீரோ 616-ல் எஃகு நிப். அது நல்ல பேனாதான், ஆனால் பார்க்கர் 51-க்கான விலையைக் கொடுக்கக் கூடாது. ஹீரோ 100 கொஞ்சம் ஏமாற்றும், அதில் தங்க நிப் உண்டு. பார்க்கரே 1948 முதல் 21 என்று மலிவான தம்பி ஒன்றையும் விட்டது. மூடியைப் போட்டு மேசையில் வைத்தால் இவை எல்லாமே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

சரி, உடம்பைத் திருகுங்கள். 51-ன் 1948-க்குப் பிந்தைய வகையில், உள்ளே பையை முழுதாக மூடிய உலோக உறை இருக்கும். அதில் ஒரு பக்கம் வரி வரியாக ஒரு பட்டி, எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் குறிப்பு, பார்க்கர் 51 என்ற பெயர். 21-ல் பை திறந்து தெரியும், அதன்மேல் 'யு' வடிவத் தகடு மட்டும் இருக்கும். 21-ன் பிளாஸ்டிக் சாதாரணமானது, கழுத்துப் பகுதியில் விரிசல் விடுவது அதன் பரம்பரை வியாதி. 51-ன் பை ரப்பர் இல்லை, ஒளி ஊடுருவும் ஒரு வகைப் பிளாஸ்டிக், எழுபது வருடம் கழித்தும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்கிறது. அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். பழைய பேனாக்களில் முதல் முயற்சியிலேயே எழுத அதிக வாய்ப்புள்ளது இது என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

உடம்பு திருகினால் கழலவில்லை, வாலில் மட்டும் சின்ன மூடி கழன்று தண்டு தெரிகிறது என்றால் 1941 முதல் 1948 வரை வந்த வேக்குமேட்டிக் வகை. உள்ளே ரப்பர் சவ்வு மாற்ற வேண்டியிருக்கும், அதற்குக் காசு ஒதுக்குங்கள்.

இப்போது தேதி. இந்த வகையில் உடம்பில் மூடி வந்து நிற்கும் இடத்துக்குக் கீழே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அல்லது டிஷ்யூவை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். பார்க்கர், அமெரிக்கத் தயாரிப்பு என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒற்றை இலக்கம் ஒன்றும் அதைச் சுற்றிச் சில புள்ளிகளும் இருக்கும். இலக்கம் வருடத்தின் கடைசி எண். மூன்று புள்ளி என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, இரண்டு என்றால் அடுத்த காலாண்டு, ஒன்று என்றால் அதற்கடுத்தது, புள்ளியே இல்லையென்றால் வருடக் கடைசி. வருடம் முழுக்க ஒரே அச்சை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு புள்ளியை அழித்துவிட்டார்கள், சிக்கனம்தான். 6 என்ற எண்ணும் ஒரு புள்ளியும் இருந்தால் ஜூலை முதல் செப்டம்பர். ஆனால் 1936-ஆ, 1946-ஆ, 1956-ஆ? பத்தாண்டு எண்ணில் இல்லை. 1936-ல் 51 இல்லை. 1956-க்கு வெகு முன்பே வேக்குமேட்டிக் முறை கைவிடப்பட்டுவிட்டது. வாலில் தண்டு இருக்கிறதல்லவா, ஆகவே 1946. மை ஏறும் விதத்தை முதலில் பாருங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான், அது தெரியாமல் இந்த எண்ணைப் படிக்கவே முடியாது.

1980 வாக்கிலிருந்து பார்க்கர் வேறு குறியீட்டுக்கு மாறியது. ஆங்கிலத்தில் 'குவாலிட்டி பென்' என்று எழுதினால் வரும் பத்து எழுத்துகளுக்கும் வரிசையாக 0 முதல் 9 வரை மதிப்பு. மூடியின் விளிம்பில் அப்படி ஓர் எழுத்து இருந்தால் அந்த மூடியாவது பழசு இல்லை.

கடைசியாக மூடி. கிளிப்பில் நீல வைரம் இருந்தால் அது ஆயுள் உத்தரவாதத்தின் அடையாளம், 1940களின் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். தண்டு வைத்த உடம்பில் வைரம் இருந்தால் பொருத்தம்தான், உலோக உறை வைத்த உடம்பில் இருந்தால் கேள்வி கேளுங்கள். தங்க மூடி என்பார்கள். விளிம்பில் லூப் வைத்தால் 1/10 என்ற பின்னமும் காரட் எண்ணும் தெரியும்: உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் அந்தக் காரட் தங்கம், மீதி கீழே இருக்கும் மட்ட உலோகம். அதைத் தங்க விலைக்கு யாரும் வாங்கத் தேவையில்லை. அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் 1945-ல் இந்தப் பேனாவைப் பயன்படுத்தினார் என்று ஆரம்பிக்கிறவரிடம், அவர் கையில் இருந்தது இதுவா என்று கேட்டால் விலை இறங்கும்.

எங்கே தேடுவது?

முதலில் சொந்தக்காரர் வீட்டு அலமாரியில். வக்கீல், வாத்தியார், கணக்குப்பிள்ளை இருந்த வீடாக இருந்தால் இன்னும் நல்லது, காசு கேட்கவும் மாட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பீங்கானும் மரத்தூணும்தான் முன்னால் தெரியும், பேனா இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டால்தான் உள்ளேயிருந்து டப்பா வரும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்வந்த குடும்பங்களின் ஊர், வெளிநாட்டுப் பேனா கிடைப்பதில் ஆச்சரியமில்லை. டப்பாவில் பத்துப் பேனா இருந்தால் நீங்கள் விரும்புகிற ஒன்றை மட்டும் தூக்கிப் பார்க்காதீர்கள், எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால் மூன்று படம் கேளுங்கள்: நிப் நேராகவும் பக்கவாட்டிலும், திறந்த நிலையில் மை ஏறும் பகுதி, சாய்ந்த வெளிச்சத்தில் பொறிப்பு. தர மறுத்தால் விட்டுவிடுங்கள். விலை பார்க்கும்போது கேட்கிற விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள், இரண்டுக்கும் சில நேரம் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். மூடியின் வாய் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று எப்போதும் தனியாகக் கேளுங்கள், படத்தில் அது தெரியவே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும்

குளிர்ந்த தண்ணீர், அவ்வளவுதான். ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் எதுவும் கிட்டே வரக் கூடாது, செல்லுலாய்டைக் கரைத்துவிடும். சுடுதண்ணீரும் வேண்டாம். எபோனைட் பேனாவை முழுதாக ஊறப் போட்டால் காலையில் பழுப்புப் பேனாவாக எழும். கேசீன் என்ற பால் புரதத்தால் செய்த பழைய பேனாக்கள் ஊறி உப்பிவிடும். நிப்பை மட்டும், தண்ணீர்மட்டம் கழுத்துக்கு மேலே போகாமல், ஒரு சின்ன டம்ளரில் நிறுத்தி வையுங்கள். காய்ந்த மை பிடிவாதமாக இருந்தால் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அம்மோனியாவும் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்து நிப்புக்கு மட்டும் கொடுக்கலாம். 51 என்றால் தண்ணீரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். கழுத்துக்குள் சீப்புப் பல் போலச் செதுக்கிய ஒரு பாகம் மையைப் பிடித்து வைத்திருக்கும், இரண்டு நாள் கழித்தும் நீலம் வந்துகொண்டிருக்கும். பொறுமை இல்லாமல் கழுத்தைத் திருகி எடுக்கப் பார்க்காதீர்கள், அதை அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கழுவி முடித்ததும் நிப்பை டிஷ்யூவில் சுற்றி உதறினால் உள்ளே இருக்கும் ஈரம் வந்துவிடும்.

லீவர் பேனாவுக்குப் பை மாற்றுவது வீட்டிலேயே செய்யலாம். பைகளுக்கு எண் உண்டு, 16 என்றால் ஓர் அங்குலத்தில் 64-ல் 16 பங்கு விட்டம். கழுத்தைத் தளர்த்த ஹேர் டிரையர் போதும், தூரத்தில் வைத்து, விரலால் தாங்குகிற சூட்டில். தீக்குச்சி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும் பொருள்.

மை விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. கழுவினால் போகிற சாதாரண நீல மை எதுவானாலும் சரி, ப்ரில், கேமல், குயிங்க் எல்லாம் நன்றாகவே ஓடும். படம் வரைகிற இந்தியன் இங்க் மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே காய்ந்தால் சிமெண்ட். சொட்டு மைப் பேனாவில் மை பாதிக்குக் கீழே இறங்கும்போது உள்ளங்கைச் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து சொட்டாக மையைத் தள்ளும். அது பழுது இல்லை, நிரப்பி வைத்தால் சரியாகிவிடும், சட்டைப் பைக்கு உத்தரவாதம் தர முடியாது.

செல்லுலாய்டு பேனாக்களைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடாதீர்கள், அது விடுகிற வாயு பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரிக்கும். ஜன்னல் வெயிலும் கார் டாஷ்போர்டும் எல்லாப் பழைய பேனாவுக்கும் எதிரி. முதல் இரண்டு பேனாவுக்கு என் சிபாரிசு, உலோக உறை வைத்த 51 ஒன்று, எஸ்டர்புரூக் ஜே ஒன்று. எஸ்டர்புரூக்கில் நிப்பைத் திருகியே மாற்றலாம், நிப்பிலேயே எண் இருக்கும், 2668 என்றால் பொது எழுத்துக்கான நடுத்தர முனை, 9 என்று தொடங்கும் நாலிலக்க எண் என்றால் முனையில் கடின உலோகம் வைத்த உயர்ந்த வகை. பார்க்கர் 61-ன் முதல் வகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதில் பையும் இல்லை, பிஸ்டனும் இல்லை, உடம்பைக் கழற்றிப் பின்முனையை மையில் நிறுத்தினால் தானாக உறிஞ்சும் உருளை ஒன்றுதான், அது அடைத்துக்கொண்டால் வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் பொறிப்பு, நிப் எண், மை ஏறும் விதம், யாரிடம் வாங்கியது, கடைசியாக மை போட்ட தேதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் தொடாமல் கிடந்த பேனா எது என்று அந்த நோட்டைப் பார்த்துக் கழுவி வைக்கலாம்.